கடல் கடக்குமுன்: மலாயாவுக்கு வந்த தமிழரின் உடல்நலச் சோதனையும் நுழைவுமுறையும்

தோற்றுவாய்

அயல்நாடு செல்வோர் இன்று செய்துகொள்ளும் ஆயத்தங்களை நாம் அனைவரும் அறிவோம். கடப்பிதழ் வேண்டும், சில நாடுகளுக்கு நுழைவு அனுமதி வேண்டும், வெப்ப மண்டல நாடாயின் தடுப்பூசி, கொசுக்கடியினின்று தப்பும் வழி, காய்ச்சி ஆற்றிய நீர் ஆகியவை பற்றி மருத்துவர் அறிவுரை கூறுவார். சென்னையில் விமானம் ஏறியவர் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூரில் இறங்கிவிடுகிறார். இந்த ஆயத்தங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் ஒரு பகுதி, நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் வரிசையில் நின்று கைநீட்டி அம்மை குத்திக்கொண்ட நம் பாட்டன் பாட்டியரின் வரலாறாகும்.

இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டளவில் கடாரத்தின்மீது படையெடுத்த செய்தியை நம் மாணாக்கர் நன்கறிவர். வகுப்பில் வினவினால் பல கைகள் உயரும். ஆனால், அதே நாகப்பட்டினத்துக் கடற்கரையிலிருந்து தொள்ளாயிரம் ஆண்டுகளுக்குப் பின் கப்பலேறியவர்கள் எத்தகைய சோதனைகளைக் கடந்து இம்மண்ணில் கால் வைத்தனர் என்று வினவினால் கைகள் உயர்வதில்லை. அக்குறையைச் சிறிதளவேனும் நீக்குவது இக்கட்டுரையின் நோக்கம். அச்சோதனைகள் யாவை, அவை யாருடைய நலனுக்காக நடைபெற்றன, அவற்றுள் அடங்காத நோய்கள் எங்கே காத்திருந்தன என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண முயல்வோம்.

சட்டம் வந்த கதை

1786ஆம் ஆண்டில் பினாங்கு ஆங்கிலேயர் வசமான காலந்தொட்டே தமிழர் அங்கு வந்து சென்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் புரோவின்சு வெல்லசுலிப் பகுதியில் கரும்புத் தோட்டங்கள் பெருகியபோது தொழிலாளர் தேவையும் பெருகிற்று. அந்நாளில் பாய்மரக் கப்பல்களே வந்தன. காற்றை நம்பிய அப்பயணத்தில், குறுகிய தளத்தில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றுவது வழக்கமாக இருந்தது. குடிநீர் கெட்டாலும் ஒருவருக்கு வாந்திபேதி கண்டாலும் கப்பல் முழுதும் துன்புற்றது.

1867ஆம் ஆண்டுவரை நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய அரசாங்கத்தின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. அவ்வாண்டில் அவை இலண்டன் குடியேற்ற நாட்டு அலுவலகத்தின்கீழ் மாற்றப்பட்டன. அதன் பயனாக, சட்டத்தின் பார்வையில் மலாயா வேற்றிடம் ஆயிற்று; தொழிலாளர் அங்குச் செல்வதற்குத் தடையும் எழுந்தது. 1872இல் அத்தடை தளர்த்தப்பட்டது. பின்னர் 1876, 1877ஆம் ஆண்டுகளில் இரு கரையிலும் இயற்றப்பட்ட சட்டங்கள் ஒப்பந்தத் தொழிலாளரின் பயணத்தை அரசாங்க மேற்பார்வைக்குள் கொணர்ந்தன. ஏழைத் தொழிலாளியின் பயணம் பற்றி ஏடுகளில் பதிவு செய்யும் முறை இவ்வாறு வேரூன்றியது. ஆயினும், அப்பதிவு அவனுக்கு முழுக் காப்பாக அமையவில்லை. சட்டத்துக்குப் புறம்பாக ஆள்கட்டிகளின் வழியே வந்தோரும் இருந்தனர்.

ரப்பர்த் தோட்டங்கள் பரவிய இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்முறை பெரிதும் மாறிற்று. 1907ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதிச் சட்டம் இயற்றப்பட்டது. தோட்ட முதலாளிகளிடம் வரி பெற்று, அந்நிதியிலிருந்து தொழிலாளரின் பயணச் செலவு, முகாம் செலவு ஆகியவை ஈடுசெய்யப்பட்டன. 1910இல் இந்தியர்க்கான ஒப்பந்தக் கூலிமுறை நீக்கப்பட்டது. அதன்பின் உரிமம் பெற்ற கங்காணியே ஊருக்குச் சென்று ஆள் சேர்த்து வந்தார். 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் இம்முறைக்கு மேலும் கட்டுப்பாடுகளை விதித்தது. கோலாலம்பூரில் இந்திய அரசாங்கத்தின் முகவர் ஒருவர் அமர்த்தப்பட்டதும் இச்சட்டத்தின் விளைவேயாகும்.

முகாமில் நடந்தவை

மலாயாவுக்குச் செல்வோருக்கென இரண்டு முகாம்கள் இருந்தன. ஒன்று சென்னையை அடுத்த ஆவடியில் இருந்தது. மற்றொன்று நாகப்பட்டினத்தை அடுத்த பாப்பாகோவிலில் இருந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்வோருக்கு மண்டபம் முகாம் தனியே இருந்தது. இவற்றை ஒன்றாகக் கருதி மயங்குதல் கூடாது.

கங்காணியுடன் ஊரை விட்டுப் புறப்படுமுன், புறப்படுவோரின் விவரம் கிராம முன்சீப்பின் பார்வைக்குச் சென்றது. ஊரில் கடனோ வழக்கோ இருப்பவர், பெற்றோர் அறியாது ஓடிவருபவர், ஏமாற்றி அழைத்துவரப்பட்டவர் ஆகியோரைத் தடுப்பது இதன் நோக்கம். முகாமை அடைந்ததும் பெயர், தந்தை பெயர், ஊர், வயது, சாதி, அங்க அடையாளம் ஆகியவை பதிவாயின. அடுத்து மருத்துவர் முன் நிற்கவேண்டும். கண், நாக்கு, தோல், மண்ணீரல் வீக்கம் ஆகியவை நோக்கப்பட்டன. பெரியம்மைக்குத் தடுப்புப்பால் குத்தப்பட்டது. உடுத்த துணி வாங்கப்பட்டு நீராவியில் வைத்துத் தூய்மை செய்யப்பட்டது. சில நாள்கள் முகாமிலேயே தங்கவைத்து, மறைந்திருக்கும் நோய் வெளிப்படுகிறதா என்று பார்த்தனர். தகுதியற்றவர் என்று கருதப்பட்டவர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்.

அம்மை குத்துதல் அந்நாளைய ஊர்மக்களுக்கு எளிதாக ஏற்கத்தக்கதாக இருக்கவில்லை. எட்வர்டு சென்னர் 1796இல் கண்ட அம்முறை 1802ஆம் ஆண்டிலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. எனினும், பெரியம்மையை மாரியம்மனின் வருகையாகக் கருதி, வேப்பிலை கட்டி, விரதம் இருந்து வழிபட்ட மக்களுக்கு, கையைக் கீறி மருந்து வைப்பது தெய்வக் குற்றமாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஊரில் அம்மை குத்துபவரைக் கண்டு குழந்தையை ஒளித்துவைத்த தாய், முகாமில் அதே குழந்தையின் கையை நீட்ட வேண்டியவள் ஆனாள். பயணம் வேண்டுமாயின் வேறு வழியில்லை. வற்புறுத்தலால் வந்த காப்பாயினும் அது காப்பே என்பதை மறுக்க இயலாது. மேற்கையில் வட்டமாய்ப் பதிந்த அத்தழும்பை நம்முள் மூத்தோர் பலர் தம் பெற்றோரிடம் கண்டிருப்பர்.

இச்சோதனையின் நோக்கத்தைத் தெளிவாக உணர்தல் வேண்டும். தொற்றுநோய் துறைமுகத்துக்குள் நுழையாது தடுப்பது ஒரு நோக்கம். உழைக்க இயலாதவருக்குப் பயணச் செலவு செய்யாதிருப்பது மற்றொரு நோக்கம். செல்பவர் அங்கு நலமாக வாழ்வாரா என்னும் வினா மருத்துவரின் ஏட்டில் இடம்பெறவில்லை. அவ்வினாவுக்கு விடை கூறும் அறிவும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் உருப்பெறலாயிற்று.

கப்பலும் தீவும்

நீராவிக் கப்பல்கள் வந்தபின் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ஏறத்தாழ ஒரு வாரத்தில் வந்து சேரலாயிற்று. 1926ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ‘ரஜூலா’ என்னும் கப்பலை அறியாத பழைய குடும்பம் நம்மிடையே இல்லை எனலாம். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சுவெட்டன்காம் துறைமுகம், சிங்கப்பூர் என்னும் வழியில் அது பல்லாண்டு ஓடிற்று. ஆயிரக்கணக்கானோர் அறையின்றித் திறந்த தளத்தில் பாய் விரித்துப் பயணம் செய்தனர். அவர்களைத் தளப் பயணிகள் என்பர்.

கரை கண்ணுக்குத் தெரிந்தபின்னும் இறங்க முடியாத நிலை ஒன்று உண்டு. அதுவே தொற்றுத்தடைக் காப்பு. ‘குவாரண்டைன்’ என்னும் சொல், நாற்பது என்னும் பொருளுடைய இத்தாலியச் சொல்லிலிருந்து பிறந்தது. கொள்ளைநோய்க் காலத்தில், வெனிசு போன்ற துறைமுகங்களில் வெளியூர்க் கப்பல்களை நாற்பது நாள் நிறுத்தி வைத்ததனால் அப்பெயர் வந்தது. 1873இல் சிங்கப்பூரில் வாந்திபேதி பரவியதைத் தொடர்ந்து, 1874இல் செயின்ட் ஜான் தீவில் தொற்றுத்தடை நிலையம் அமைந்தது. பினாங்கில் ஜெரஜாக் தீவு அப்பணிக்குப் பயன்பட்டது. தொழுநோயாளர் இல்லமும் அத்தீவிலேயே இருந்தது.

1896இல் பம்பாயில் கொள்ளைநோய் தோன்றியபின் இந்தியத் துறைமுகங்களிலிருந்து வரும் கப்பல்கள்மீது கண்காணிப்பு மிகுந்தது. கப்பலில் ஒருவருக்கு அம்மையோ வாந்திபேதியோ கண்டால் தளப் பயணிகள் தீவில் இறக்கப்பட்டனர். குளியல், துணித் தூய்மை, மீண்டும் சோதனை, நாள் எண்ணிக் காத்திருத்தல் ஆகியவை அங்கு நிகழ்ந்தன. புதிதாக நோய் தோன்றினால் எண்ணிக்கை மறுபடி தொடங்கியது. அறைப் பயணிகள் பெரும்பாலும் முகவரி கொடுத்துவிட்டு நகருக்குள் சென்றனர். கிருமி பயணச் சீட்டின் வகுப்பைப் பார்த்துத் தொற்றுவதில்லை. ஆகவே, இவ்வேறுபாட்டுக்கு மருத்துவ அறிவில் இடமில்லை. இவ்விழிவைக் குறித்து மலாயா இந்தியரிடையே மனக்குறை நெடுங்காலம் நிலவியதில் நியாயம் இருந்தது.

எனினும், தொற்றுத்தடை முறை முற்றிலும் வீண் என்று கூறுதல் முறையாகாது. நெருங்கி வாழும் தொழிலாளர் லயங்களில் பெரியம்மை நுழைந்திருந்தால் முதலில் மாண்டிருப்போர் நம்மவரே. முறை தேவையானது; அது நடத்தப்பட்ட விதமே குறையுடையது. இவ்விரண்டையும் பிரித்தறிவதே வரலாறு கற்பதன் பயனாகும்.

சோதனையில் அகப்படாத காய்ச்சல்

முகாமிலும் தீவிலும் இத்துணைச் சோதனைகள் நடந்தும், தொழிலாளரைப் பெருந்தொகையாகக் கொன்ற நோய் கப்பலில் வரவில்லை. அது தோட்டத்திலேயே காத்திருந்தது. முறைக்காய்ச்சல் என்று நம்மவர் வழங்கிய மலேரியாவே அது. காட்டுக் காற்றும் சதுப்பு நிலத்து நாற்றமுமே அதற்குக் காரணம் என்று பன்னூறு ஆண்டுகளாக உலகம் நம்பியிருந்தது. 1897ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் செகந்தராபாத்தில் ரொனால்டு ராசு என்னும் மருத்துவர் கொசுவின் வயிற்றில் அந்நோயின் கிருமியைக் கண்டார். அதன்பின்னரே போராட வேண்டிய பகை எது என்பது விளங்கிற்று.

அவ்வறிவு மலாயாவில் விரைந்து பயன்பட்டது. 1901ஆம் ஆண்டு செப்டம்பரில், இன்று கிள்ளான் துறைமுகம் என வழங்கும் சுவெட்டன்காம் துறைமுகம் திறக்கப்பட்டது. அலையாத்திக் காட்டை வெட்டி அமைத்த அத்துறைமுகத்தில் சில வாரங்களுக்குள் தொழிலாளர் கூட்டங்கூட்டமாய்க் காய்ச்சலில் விழுந்தனர். துறைமுகத்தை மூடிவிடலாமா என்று எண்ணும் அளவுக்கு நிலை மோசமாயிற்று. அவ்வாண்டிலேயே கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், காட்டை வெட்டி அகற்றவும், கரை கட்டிக் கடல்நீரைத் தடுக்கவும், கால்வாய் வெட்டித் தேங்கிய நீரை வடிக்கவும் வழிகாட்டினார். கிள்ளான் நகரிலும் துறைமுகத்திலும் 1901இல் 582 ஆக இருந்த இறப்புகள் 1902இல் 144 ஆகக் குறைந்தன. கொசுவை ஒழித்து நோயை வென்ற முயற்சிகளுள் உலகிலேயே முற்பட்டவற்றுள் ஒன்று இது. அக்கால்வாய்களை மண்வெட்டியால் தோண்டியவர்களுள் தமிழரும் இருந்தனர் என்பதை மாணாக்கர்க்குச் சொல்லவேண்டும்.

ஆனால், இவ்வெற்றியோடு கதை முடியவில்லை. தாழ்நிலத்தில் நோய் பரப்பிய கொசு நிழலில் தேங்கிய நீரை விரும்புவது. காட்டை வெட்டி நீரை வடித்தால் அது மறைந்தது. மலைச்சரிவுத் தோட்டங்களில் அதே முறையைக் கையாண்டபோது காய்ச்சல் குறையாமல் மிகுந்தது. அங்கு நோய் பரப்பியது வேறொரு கொசு. அது வெயில்படும் தெளிந்த ஓடைநீரில் முட்டையிடுவது. காட்டை வெட்டியதே அதற்கு வாழ்வளித்தது! வாட்சன் இவ்வேறுபாட்டை ஆராய்ந்தறிந்து, ஓடைநீரை மண்ணுக்கடியில் குழாய் வழியே செலுத்தும் முறையைக் கையாண்டார். நீரின்மேல் எண்ணெய் தெளிக்கும் முறையும் பின்னர்ப் பரவிற்று. ஒரே பெயருடைய நோயாயினும் இடத்துக்கேற்ப மருந்தும் முறையும் மாறவேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அறிவு பிறந்துவிட்டது, அதைச் செயற்படுத்தப் பணம் வேண்டும். இங்கேதான் பல உயிர்கள் மாண்டன. ரப்பரின் விலை வானளாவ உயர்ந்த 1910ஆம் ஆண்டை ஒட்டி, காடுகள் விரைந்து அழிக்கப்பட்டுப் புதிய தோட்டங்கள் எழுந்தன. வடிகாலும் மருத்துவமனையும் பின்தங்கின. ஒன்றுபட்ட மலாய் மாநிலத் தோட்டங்களில் 1911ஆம் ஆண்டில் தொழிலாளர் இறப்பு ஆயிரத்துக்கு 60க்கும் மேல் இருந்தது. முகாமில் மருத்துவர் தேர்ந்தெடுத்து அனுப்பிய நல்லுடல் வாய்ந்தோரே இவர்கள். முதியோர் அல்லர்; நோயாளர் அல்லர். ஊரில் தகுதியுடையவர் என்று முத்திரை பெற்றவர்கள் ஓராண்டில் இத்துணைப் பேர் மாண்டனர் என்றால், சோதிக்கப்பட வேண்டியது தொழிலாளியின் உடலா, தோட்டத்தின் நிலையா என்னும் வினா எழுகிறதன்றோ? அவ்வாண்டிலேயே மலேரியா ஆலோசனை வாரியம் அமைந்தது. 1912இன் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியைத் தோட்டத்தின் கடமையாக்கிற்று. பெரட்டில் நிற்கும்போது கசக்கும் கொயினா மருந்தை விழுங்கச் செய்வதும், டிரசர் லயத்துக்கு லயம் வருவதும் தோட்ட வாழ்வின் பகுதிகளாயின. இறப்பு படிப்படியாகக் குறைந்தது.

புழுங்கலரிசியும் வெறுங்காலும்

நம்மவர் அறியாமலே தம்மோடு கொண்டுவந்த காப்பு ஒன்றுண்டு. அது புழுங்கலரிசி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் ஆயிரக்கணக்கானோரை மாய்த்தது. கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இதயம் ஓய்ந்து மக்கள் இறந்தனர். வெள்ளைப் பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளரை அது வருத்திற்று. புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரை அது பெரிதும் அணுகவில்லை. 1900ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், சுடான்டன் என்னும் இரு மருத்துவர்கள், 1907ஆம் ஆண்டு தொடங்கி நெகிரி செம்பிலானில் சாலை வேலை செய்த சாவகத் தொழிலாளரை இரு பிரிவாக்கி ஆராய்ந்தனர். வெள்ளை அரிசி உண்ட பிரிவில் நோய் தோன்றிற்று. புழுங்கலரிசி உண்ட பிரிவில் தோன்றவில்லை. உணவை மாற்றிக் கொடுத்தபோது நோயும் இடம் மாறிற்று. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பின்னர்த் தீட்டினாலும் அது முற்றும் போவதில்லை. அச்சத்தைப் பிற்காலத்தார் உயிர்ச்சத்து ‘பி’ என்றனர். நம் வீட்டுப் பெண்கள் நெல் அவித்த பானை ஒரு மருத்துவ உண்மையைத் தாங்கி நின்றது எனின் மிகையாகாது.

அறியாமலே ஏற்ற தீங்கும் ஒன்றுண்டு. வெறுங்காலோடு நடந்து, திறந்த வெளியில் மலங்கழித்த வழக்கத்தால் கொக்கிப்புழு பரவிற்று. அது குடலில் ஒட்டிக் குருதியை உறிஞ்சுவதால் சோகையும் சோர்வும் உண்டாயின. 1915 முதல் 1917 வரை அமெரிக்க ராக்பெல்லர் அறநிலையத்தைச் சார்ந்த குழு ஒன்று மலாயா, சாவா, பிசி ஆகிய இடங்களில் இதனை ஆராய்ந்தது. சோம்பேறி என்று துரையாலும் கிராணியாலும் ஏசப்பட்டவர்களுள் எத்தனை பேர் உண்மையில் குருதி குறைந்த நோயாளர்களோ? கழிப்பிடமும் காலணியும் வந்தபின் இந்நோய் தணிந்தது.

தாள்களின் காலம்

1938ஆம் ஆண்டு சூன் மாதத்தில் இந்திய அரசாங்கம், உதவி பெற்று மலாயாவுக்குச் செல்லும் தொழிலாளர் குடிபெயர்வைத் தடை செய்தது. தொழிலாளர் முகாம்களின் காலம் அத்தோடு முடிந்தது எனலாம். போருக்குப் பின் உடற்சோதனையினும் தாள்களின் சோதனை முதன்மை பெற்றது. 1948இல் அடையாள அட்டை முறை வந்தது. 1952இல் இயற்றப்பட்ட குடிநுழைவுச் சட்டம் 1953 ஆகத்து முதல் நாள் செயலுக்கு வந்தபோது, விரும்பியவாறு வந்துபோகும் நிலை நீங்கிற்று. ஊரில் விட்டு வந்த மனைவி மக்களை அழைத்துக்கொள்ளத் தாள் தேடி அலைந்தோர் பலர். இடைக்காலத்தில் ஊருக்குச் சென்று, திரும்பும் உரிமையை இழந்தவர்களும் உளர்.

கடப்பிதழோடு மஞ்சள் நிறத் தடுப்பூசிச் சான்றிதழும் பயணியின் பையில் இடம்பெற்றது. அதில் பெரியம்மைக்கும் காலராவுக்கும் முத்திரை இல்லையேல் கப்பலேற இயலாது. உலக நலவாழ்வு நிறுவனம் 1973இல் காலராத் தடுப்பூசிச் சான்றினைக் கட்டாயமாகக் கேட்கும் விதியை நீக்கிற்று. இந்தியாவில் 1975இலும், உலகின் இறுதி இயற்கை நேர்வாக 1977இல் சோமாலியாவிலும் பெரியம்மை முடிவுற்றது. 1980 மே மாதத்தில் அந்நோய் உலகினின்றே ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. ரஜூலாவின் பயணம் 1973இல் முடிந்தது. அவ்வழியில் ஓடிய ‘சிதம்பரம்’ கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பற்றி உயிர்ச்சேதம் விளைந்தபின் அச்சேவையும் நின்றது. கப்பலும் போயிற்று, அம்மைத் தழும்பும் இளையோர் கையில் இல்லை.

முடிவுரை

2020ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது நாடு திரும்பியோர் நாள் எண்ணித் தனித்திருந்தனர். தனித்திருத்தலும் தடுப்பூசியும் புதியவை என்று நம் மாணாக்கர் எண்ணினர். அவை நம் குடும்பங்களுக்குப் புதியவை அல்ல.

இவ்வரலாறு கற்பிக்கும் உண்மை ஒன்றை நாம் மனங்கொள்ளவேண்டும். எல்லையில் மனிதனைச் சோதிப்பது எளிது. அவன் சென்று வாழும் இடத்தை நலமுடையதாக்குவது அரிது. முன்னதற்கு ஒரு வாரம் போதும். பின்னதற்குப் பணமும் சட்டமும் மனமும் வேண்டும். இன்று நம் நாட்டுக்கு வங்காள தேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் தொழிலாளர் வருகின்றனர். அவர்களும் மருத்துவச் சோதனை முடித்தே வருகின்றனர். வந்தபின் அவர்கள் தங்கும் இடம் எத்தகையது என்று கேட்கும் கடமை மற்ற எவரையும்விட நமக்கு மிகுதியாக உண்டு.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய கடப்பிதழ், மஞ்சள் சான்றிதழ், கப்பல் சீட்டு, சிவப்பு அடையாள அட்டை ஆகியவை இன்னும் பல வீடுகளின் தகரப் பெட்டிகளில் உள்ளன. இடம் அடைக்கின்றனவென்று அவை எரிக்கப்படுமுன், மாணாக்கரைக் கொண்டு அவற்றைத் தேடிப் பார்க்கச் செய்யுங்கள். தாளில் உள்ள ஊர்ப்பெயர், இறங்கிய துறைமுகம், முத்திரையிட்ட நாள் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதச் செய்யுங்கள். வீட்டிலுள்ள முதியோரிடம் அவற்றைக் காட்டி, நினைவில் உள்ளதைக் கேட்டு எழுதச் செய்யுங்கள். ஒரு வகுப்பில் முப்பது மாணாக்கர் இருந்தால் முப்பது குடும்பங்களின் வரலாறு கிடைக்கும். அரசாங்க ஏடுகளில் எண்ணிக்கையாக மட்டுமே நின்றவர்கள் அப்போது பெயரும் ஊரும் உடையவர்களாக நம் பிள்ளைகளின் முன் நிற்பர். முதியோர் நம்மிடையே இருக்கும் போதே இப்பணி நடைபெற வேண்டும்.